எழுபத்தைந்து வாட்டுக்குள்



திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே உருவான நிலக்கடலை வகைகளுக்கு டி.எம்.வி. என்று பெயரிட்டு, பின்னால் ஓர் எண்ணையும் சேர்ப்பது வழக்கம். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கமே. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் கொத்து இனம் நம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிப் புகழ் பெற்றது. அவ்வட்டாரத்து உழவர் விதை வாங்கச் சென்றால், "எது சிறந்த கடலை?" என்று கேட்கமாட்டார். "என் நிலம் மானாவாரி, ஆடிப்பட்டத்தில் விதைக்கப் போகிறேன், இதற்கு எது ஏற்கும்?" என்றே கேட்பார். நிலத்தையும் நீரையும் முதலில் சொல்லிவிட்டு, விதையைப் பிறகுதான் கேட்பார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடலையைப் பற்றியன்று. கணிப்பொறிக்குள் செருகும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது. அதிலும், பெயர்பெற்ற நிறுவனங்கள் முழுதாகப் பூட்டி விற்கும் கணிப்பொறிக்கு, குறைந்த விலையில், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கார்டு ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது. இந்தப் பொருளை நானாகத் தேடிப் போகவில்லை. என் தங்கை வீட்டில் எழுந்த தீய்ந்த நாற்றம் ஒன்று என்னை இதற்குள் இழுத்துவிட்டது.

தங்கையின் குடும்பம் திண்டிவனத்தை அடுத்து வாழ்கிறது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், பெரும்பாலும் கடலைதான். மகன் விழுப்புரத்தில் பொறியியல் பயில்கிறான். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்த வழியை, கூட்டேரிப்பட்டும் விக்கிரவாண்டியும் கடந்து, நாள்தோறும் பேருந்தில் போய்வருகிறான். இறுதியாண்டு ஆய்வுக்கு அவன் எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடலை இலையின் படத்தைக் காட்டினால், அதில் இலைப்புள்ளி நோய் கண்டிருக்கிறதா இல்லையா என்று கணிப்பொறி சொல்லவேண்டும். டிக்கா நோய் என்று உழவர்கள் கூறும் அந்நோயால் ஓராண்டு தன் தாய் பட்ட துன்பத்தைக் கண்ட பிள்ளைக்குத் தோன்றிய எண்ணம் அது. இரண்டு பட்டங்களில் வரப்பு வரப்பாக நடந்து, கைப்பேசியால் இலைகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தான்.

அவனிடம் இருந்த கணிப்பொறி, சென்னையில் ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்தது. பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கினார்கள். இத்தகைய பொறியை நம் கடைத்தெருவில் 'பிராண்டட் சிஸ்டம்' என்பர். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கடைக்காரரே பூட்டித் தருவது 'அசெம்பிள்டு சிஸ்டம்'. கழித்துவிடப்பட்ட பிராண்டட் சிஸ்டத்தை இகழ்வாக எண்ண வேண்டா. அலுவலகங்களுக்கென்று செய்யப்படுபவை உறுதியானவை, விலையும் மலிவு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவை கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. எழுத்துவேலையும் கணக்குவேலையும் செய்வதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அதற்கு மேல் சற்றே கூட்டி வைத்திருப்பார்களே அன்றி, நாளைக்கு ஒரு மாணவன் இதில் கிராபிக்ஸ் கார்டைச் செருகுவான் என்று எண்ணி வைத்திருக்கமாட்டார்கள்.

கார்டு எதற்கு வேண்டும் என்று சிலர் வினவலாம். கடலை பிடுங்கும் களத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செடியைப் பிடுங்கிக் குவித்தபின் காய் ஆய்வதற்கு ஐம்பது பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். ஒவ்வொருத்தியும் தன்முன் கிடக்கும் செடியை மட்டும் பார்த்தால் போதும். அடுத்தவள் முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே நான்கு பயில்வான்களைக் கொண்டுவந்து நிறுத்துவதால் பயன் இல்லை. வேண்டியது பல கைகள். கணிப்பொறியின் பிராசசரில் உள்ள நான்கு 'கோர்'கள் அந்த நான்கு பயில்வான்கள்; கடினமான வேலையை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செய்வார்கள். கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கைகள். திரையிலுள்ள புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நிறத்தைக் கணக்கிடவே அவை முதலில் தோன்றின. பின்னர், படத்தை ஆராய்தல் போன்ற பிற கணக்குகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். என்விடியா நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கூடா' என்னும் அமைப்பு அதற்கு வழிதிறந்தது. அந்த நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது 1993இல். தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்த அதே ஆண்டு. இதனால் ஆவது ஒன்றும் இல்லை. நினைவில் நிறுத்த உதவுமே என்று சொன்னேன்.

என் மருமகனின் கணிப்பொறி, இலைப்படங்களை ஒருமுறை பயின்று முடிக்க ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொண்டது. ஆகவே, தாய் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்த தொகையைக் கொண்டு, பழைய கார்டு ஒன்றை வாங்கிவந்தான். அது 120 வாட்டு மின்சாரம் கேட்பது. ஆறுமுனை இணைப்பு ஒன்றும் தனியே வேண்டுவது. அவன் பொறியில் அத்தகைய இணைப்பே கிடையாது. கடைக்காரர், "அதனால் என்ன?" என்று சொல்லி, ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் 'சாட்டா' முனையிலிருந்து ஆறுமுனையாக மாற்றும் சிறு கேபிள் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் எல்லாம் நன்றாகவே நடந்தன. மூன்றாம் நாள் இரவு தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணா, பிள்ளை அறையில் ஏதோ தீய்கிறது. மெயினை அணைத்துவிட்டேன். நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்."

மறுநாள் காலையில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தச் சிறு கேபிளின் தலை உருகி, கரிந்து, டிஸ்க்குக்குச் செல்லும் முனைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்சாரத்தைப் பங்கிடும் பெட்டி, அதாவது கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறுவது, உயிர் துறந்திருந்தது. பையன் முகத்தில் ஈயாடவில்லை. கார்டு போனதற்கோ பெட்டி போனதற்கோ அவன் அஞ்சவில்லை. இரண்டு பட்டத்து இலைப்படங்களும் அதே கேபிளில் தொங்கிய டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைத்திருக்கவில்லை.

"கடைக்காரர் ஓடும் என்றார், மாமா. கேபிளும் அவரே கொடுத்தார்" என்றான்.

ஓடும் என்று அவர் சொன்னது பொய்யன்று. இரண்டு நாள் ஓடியிருக்கிறதே! நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன். ஆதலால் கடைக்காரரை வைவதை விட்டுவிட்டு, தாளும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னேன். நீங்களும் இந்தக் கணக்கை என்னோடு போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் படித்த சூத்திரமே போதும்: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்டு.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் உள்ள நீண்ட துளை ஒன்றில் செருகப்படுகிறது. அதனை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்பர். அந்த ஸ்லாட் கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரத்துக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. அது 75 வாட்டு. அதில் பெரும்பங்கு 12 வோல்ட்டுக் கம்பியில் வருகிறது, அங்கே 5.5 ஆம்பியர், ஆக 66 வாட்டு. எஞ்சியது 3.3 வோல்ட்டில் வரும் சிறு பங்கு. இதற்கு மேல் கேட்கும் கார்டுகள் எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து நேரே ஒரு கேபிளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறுமுனைக் கேபிள் இன்னும் 75 வாட்டு கொடுக்கும். எட்டுமுனைக் கேபிள் 150 வாட்டு கொடுக்கும். ஆகவே, கார்டின் தலையில் இப்படி ஓர் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்த அளவிலேயே, அது ஸ்லாட்டின் எல்லைக்குள் அடங்குவதா, அடங்காததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி அந்தச் சிறு கேபிளுக்கு வருவோம். டிஸ்க்குக்கென்று அமைந்த சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு உரிய ஊசிகள் மூன்று. ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது 1.5 ஆம்பியர். மூன்றுக்கும் 4.5 ஆம்பியர்; 12ஆல் பெருக்கினால் 54 வாட்டு. மறுபுறம் ஆறுமுனை இணைப்போ 75 வாட்டு வரை, அதாவது 6.25 ஆம்பியர் வரை கேட்க உரிமை பெற்றது. 6.25க்கும் 4.5க்கும் உள்ள வேறுபாடு பெரிதில்லையே என்று தோன்றும். ஆனால் கம்பியில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடி விகிதத்தில் ஏறும் என்று படித்திருக்கிறீர்கள். 6.25ஐ 4.5ஆல் வகுத்து, வந்ததை இருமடியாக்கிப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு வரும். தாங்கக்கூடிய வெப்பத்தைப்போல் இருமடங்கு வெப்பம், சுண்டுவிரல் நகத்தினும் மெல்லிய ஊசிகளில்! இரவு முழுவதும் படிக்கும் பொறிக்கு ஓய்வும் இல்லை. பிளாஸ்டிக் உருகாமல் வேறு என்ன செய்யும்?

எஸ்.எம்.பி.எஸ். ஏன் இறந்தது? அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளில் 240 வாட்டு என்று அச்சிட்டிருந்தது. பிராசசருக்கு 65, கார்டுக்கு 120, மதர்போர்டு, மெமரி, டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 என்று வைத்தேன். மொத்தம் 225. எல்லைக்குள்தான் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள்; பையனும் கேட்டான். கார்டு ஒன்று 120 வாட்டு என்றால், அஃது எப்போதும் 120இல் நிற்பதில்லை. கணநேரத்தில் மேலே துள்ளி இறங்கும். அத்துடன் அந்தப் பெட்டி ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்துக் களைத்தது. அறையோ சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்த ஓட்டுவீடு. நூறு மூட்டை ஏற்றலாம் என்று எழுதிய பழைய லாரியில் தொண்ணூற்று நான்கு மூட்டை ஏற்றி, மேட்டில் ஓட்டியதுபோல ஆயிற்று. நான் போடும் கணக்கில், தாளில் எழுதியிருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் போகவிடுவதில்லை. இது சட்டமன்று, என் அச்சம்.

டிஸ்க் பிழைத்ததோ இல்லையோ என்பது அன்று மாலைவரை தெரியவில்லை. அதனைக் கழற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய், தெரிந்தவர் ஒருவர் கணிப்பொறியில் இணைத்துப் பார்த்தோம். படங்கள் இருந்தன. அவற்றை இரண்டு படிகள் எடுத்த பிறகே பையன் தேநீர் குடித்தான்.

அடுத்த தொல்லை, புதிய எஸ்.எம்.பி.எஸ். தேடுவது. அசெம்பிள்டு சிஸ்டமாக இருந்தால் எந்தக் கடையிலும் வாங்கி மாட்டிவிடலாம். எல்லாம் 24 முனை கொண்ட ஒரே அளவு. பிராண்டட் சிஸ்டங்களில் பலவற்றுக்கு அப்படியன்று. மதர்போர்டுக்குச் செல்லும் தலைமை இணைப்பு ஒரு நிறுவனத்துக்கு ஆறு முனை, இன்னொன்றுக்கு எட்டு, வேறொன்றுக்குப் பதினான்கு. பெட்டியின் நீள அகலமும் தனித்தனி. "பெரிய எஸ்.எம்.பி.எஸ். போட்டுக்கொண்டால் தீர்ந்தது" என்று சொல்வோர் இதை நினைப்பதில்லை. இரண்டு ஊர்க் கடைகளிலும் கேட்டுவிட்டு, கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் அதே மாதிரியில் பழையது ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஆகவே 240 வாட்டு என்பது எங்களுக்கு மீண்டும் விதிக்கப்பட்டுவிட்டது. நிலம் இன்னது என்று தெரிந்தாயிற்று, இனி விதை.

சந்தையில் உள்ள கார்டுகளில் ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள் அடங்குபவை அதிகம் இல்லை. நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மிகச் சிறியது, 2017ஆம் ஆண்டில் வந்த என்விடியா ஜி.டி. 1030. 30 வாட்டுதான். அதில் விசிறியே இல்லாமல் வெப்பத்தகடு மட்டும் கொண்ட வகையும் உண்டு. படம் பார்க்கவும், இரண்டு திரைகளை இணைக்கவும், பழைய விளையாட்டுகளுக்கும் போதும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, கணிப்பொறியன்று, எலிப்பொறி. முதலில் வந்த வகையில் ஜி.டி.டி.ஆர். 5 என்னும் விரைந்த மெமரி. விநாடிக்கு 48 ஜிகாபைட் செல்லும். மறு ஆண்டில் அதே பெயரில், அதே எண்ணில், டி.டி.ஆர். 4 மெமரி வைத்த வகை வந்தது. அதில் செல்வது விநாடிக்கு 16.8 ஜிகாபைட். மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பெட்டியின் முகப்பில் பெயர் பெரிதாக இருக்கும். மெமரியின் வகையோ ஓரத்தில் சிற்றெழுத்தில் இருக்கும். சிற்றெழுத்தைப் படியுங்கள்.

அடுத்து, 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 60 வாட்டு. அதன்பின் 2016இல் வந்த 1050 டி.ஐ., 75 வாட்டு. 768 சிறு கைகளும் 4 ஜிகாபைட் மெமரியும் கொண்டது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வேலை என்பதை நம் போன்றோர்க்குக் காட்டிய கார்டுகள் இவை. பழைய பொருள் சந்தையில் இன்றும் இவை மலிந்து கிடக்கின்றன. எனக்கு 1050 டி.ஐ. மேல் ஆசையும் எழுந்தது. ஆனால் 2025இல் என்விடியா நிறுவனம் இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும் என்று அறிவித்தது. அதே 2025இல் வந்த கூடா 13ஆம் பதிப்பும் இவற்றைக் கைவிட்டது. விளையாட்டுக்காக வாங்குபவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. என் மருமகனின் வேலையோ கூடாவை நம்பியது. பென்சிலால் கோடிட்டு அடித்தோம்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6400 என்பது 2022இல் வந்தது, 53 வாட்டு. இந்த எண்ணைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் அதன் பாதை குறுகியது. ஸ்லாட்டில் பதினாறு வழிகள் இருக்க, இந்தக் கார்டு நான்கை மட்டுமே பயன்படுத்தும். புதிய நான்காம் தலைமுறை மதர்போர்டில் அந்த நான்கு வழிகளில் விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் செல்லும். பையனுடைய பழைய மூன்றாம் தலைமுறைப் பலகையில் அதுவும் பாதியாகிவிடும். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் இரண்டு வாயில்களை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் பொங்கல் நாள் கூட்டத்தை அனுப்பியதுபோல. புதிய பொறி வைத்திருப்பவர்க்கு இது நல்ல கார்டு. கழித்த பொறி வைத்திருப்பவர்க்கு அன்று. அத்துடன், காணொலியைச் சுருக்கிப் பதிவுசெய்யும் உறுப்பும் இதில் இல்லை. கூடாவும் என்விடியாவுக்கே உரியது.

இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் ஏ 380 என்பது 6 ஜிகாபைட் மெமரி கொண்டது, 75 வாட்டு. காணொலி வேலைக்கு இதைப் புகழ்வார்கள். மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்னும் வசதி இல்லாவிட்டால் இதன் வேகம் பெரிதும் குன்றிவிடும். பழைய பிராண்டட் சிஸ்டங்களில் அந்த வசதியைத் தேடுவது வீண்.

2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 இவற்றுக்கு நடுவே நிற்பது. 75 வாட்டு என்று சொல்லப்பட்டாலும், ஆறுமுனை இணைப்போடு வந்த வகைகள் மிகுதி; இணைப்பு இல்லாத வகையைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

கடைசியாக எஞ்சியது ஆர்.டி.எக்ஸ். 3050. இங்கும் அந்த எலிப்பொறி உண்டு. 2022இல் வந்த 8 ஜிகாபைட் வகை 130 வாட்டு; தனி இணைப்பு வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிகாபைட் வகை 70 வாட்டு, பெரும்பாலானவற்றில் தனி இணைப்பு இல்லை, ஸ்லாட்டே போதும். பெயர் ஒன்று, பசி வேறு. சிறியதில் கைகளின் எண்ணிக்கையும் குறைவுதான், ஆயினும் 2304. பையன் மீண்டும் கூட்டினான்: 65, 70, 40, மொத்தம் 175. இருநூற்று நாற்பதில் முக்கால் பங்கு 180. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

விலைதான் இடித்தது. பொறியின் விலையையே கார்டின் விலை மிஞ்சியது. "மாட்டைவிடக் கயிறு விலை கூடுதலா?" என்று தங்கை கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த இடத்தில் நான் சற்று நின்று ஒன்று சொல்ல வேண்டும். கார்டு வேண்டுமா என்று என்னைக் கேட்க வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு 'வேண்டா' என்றே விடை சொல்லியிருக்கிறேன். தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வணிகவியல் படிக்கிறாள். அவள் கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது, கார்டு போடலாமா என்று கேட்டாள். பழைய சுழல்தட்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியை எட்டு ஜிகாபைட் ஆக்கச் சொன்னேன்; அத்துடன் அவள் குறை தீர்ந்தது. பாடக் காணொலி பார்க்கவும், எழுதவும், நிரல் எழுதிப் பழகவும் பிராசசரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் போதும். என் மருமகனுக்கும், கல்லூரி ஆய்வகத்திலேயோ, இணையத்தில் வாடகையின்றிச் சிறிது நேரம் கிடைக்கும் பெரிய கணிப்பொறிகளிலேயோ செய்யலாமே என்று சொல்லிப் பார்த்தேன். ஆய்வகம் மாலையில் மூடிவிடும். திண்டிவனம் பேருந்தையும் பிடிக்கவேண்டும். இணையத்தில் கிடைப்பதோ நடுவில் அறுந்துபோகிறது. அவன் சொன்ன விடை சரியாகவே இருந்தது.

ஆகவே உருகாமல் தப்பிய பழைய கார்டை நட்டத்துக்கு விற்றான். கல்லூரி விடுமுறையில் ஊரில் அச்சுக்கோப்பு நிலையம் ஒன்றில் அழைப்பிதழ்கள் வடிவமைத்து மீதியைச் சேர்த்தான். இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஆய்வு நின்றுதான் கிடந்தது.

வாங்கப் போவதற்கு முன் இன்னும் சிலவற்றைப் பார்த்துக்கொண்டோம். அவன் கேபினெட் உயரமானது; ஆதலால் முழு உயரக் கார்டு நிற்கும். அலுவலகங்களின் ஒடுங்கிய பெட்டிகளில் அது நிற்காது. முழு உயரக் கார்டு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்; அவற்றுக்கோ 7 சென்டிமீட்டர் உயரமுள்ள குட்டைக் கார்டும், அதற்கேற்ற குட்டைத் தகடும் வேண்டும். அத்தகைய சிறு பெட்டிகள் சிலவற்றில், அந்த ஸ்லாட்டுக்கு 75 வாட்டினும் குறைந்த எல்லையை நிறுவனத்தாரே விதித்திருப்பதும் உண்டு. பொறியின் கையேட்டில் அது எழுதியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். 180 வாட்டுதான் என்றால் 30, 50 வாட்டுக் கார்டுகளோடு மனநிறைவு கொள்வதே நல்லது. திரையையும் பார்க்கவேண்டும். வீட்டில் இருப்பது நீலநிற முனை கொண்ட பழைய வி.ஜி.ஏ. மானிட்டர் என்றால், புதிய கார்டுகளில் அதற்கு இடமே இராது. தனி மாற்றி வாங்க நேரும். யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள், 600 வி.ஏ. என்று எழுதிய சிறு பெட்டி பெரும்பாலும் 360 வாட்டுக்கே உரியது என்பதையும் நினைவில் கொள்க. 600 என்று எண்ணி ஏமாறுபவர் பலர்.

கார்டு வந்த அன்று என்னையும் அழைத்தார்கள். பெட்டியைத் திறந்து, தூசியைத் துடைத்து, ஸ்லாட்டில் வைத்து அழுத்தியபோது 'டக்' என்று பிடித்துக்கொண்டது. கேபிள் ஒன்றும் மாட்ட வேண்டியிருக்கவில்லை. அதைத்தான் அவன் பலமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இரவு முழுவதும் பிடித்த வேலை, ஊரில் இரண்டாம் ஆட்டம் சினிமா முடிவதற்குள் முடிந்தது. நோயுற்ற இலை என்று பொறி சொன்ன ஓர் இலையைத் தங்கை கையில் வாங்கிப் பார்த்து, "இது நோய் இல்லை, மண் தெறித்தது" என்றாள். பையன் அதைக் குறித்துவைத்துக்கொண்டான். இன்னும் படங்கள் வேண்டுமாம்.

பிறகு தங்கை தனக்குரிய கேள்வியைக் கேட்டாள். "கரண்ட் எவ்வளவு ஆகும், அண்ணா?"

நம் மாநிலத்தில் 2016இல் வீடுகளுக்கு இருமாதக் கணக்கில் முதல் நூறு அலகு கட்டணமின்றி வழங்கத் தொடங்கினார்கள். அந்த நூறைத் தாண்டாமல் இருப்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருப்பவள். கார்டு மட்டும் முழுவேகத்தில் நாளைக்கு நான்கு மணிநேரம் ஓடினால், 70 வாட்டுக்கு அறுபது நாளில் 16.8 அலகு. முழுப் பொறியும் 175 வாட்டு என்று மிகுத்தே வைத்தாலும் 42 அலகு. அவள் சற்று நேரம் விரல்விட்டு எண்ணிவிட்டு, கிரைண்டரை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாகச் சொன்னாள்.

சென்ற கிழமை அங்கே போயிருந்தேன். இலையுதிரும் பட்டத்துப் படங்களையும் சேர்த்துவிட்டான். பொறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அவன் பொத்தானை அழுத்தும்போதும், என் தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, நாற்றம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே தாளிப்பதற்கு எண்ணெயை ஊற்றுகிறாள்.